மூன்று, ஏழு, ஏழு

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ லைனை விட்டு இறங்கிய ஒரு புதுக் காரின் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டால் பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் தட்டுப்படும். சர்வீஸ் சென்டர்களில் அதற்கு ஓபிடி போர்ட் என்று பெயர். அதில் ஸ்கேனரைச் சொருகி, "உன் சேசிஸ் எண் என்ன?" என்று காரையே கேட்கலாம். கேள்வி மூன்றே எண்கள்தான்: 2, 9, 2. முதல் 2, இன்னும் இரண்டு பைட் வரப்போகிறது என்று சொல்கிறது. 9 என்றால் வாகனத்தின் விவரம் வேண்டும் என்று பொருள். கடைசி 2, அந்த விவரங்களில் சேசிஸ் எண்.

பதில் ஒரே மூச்சில் வராது. காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'கேன்' என்ற கம்பித்தடத்தை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதன் வழக்கமான வடிவத்தில் ஒரு ஃபிரேமில் 8 பைட் தகவல்தான் அடங்கும். சேசிஸ் எண்ணோ 17 எழுத்து. முன்னால் சேரும் மூன்று பைட் தலைப்புத் தகவலோடு மொத்தம் 20 பைட். ஆகவே கார் அதை மூன்று துண்டாக்கி அனுப்புகிறது. முதல் ஃபிரேமில் இரண்டு பைட் கணக்கு வழக்குக்கே போய்விடும்: இது நீளமான செய்தியின் முதல் துண்டு, மொத்த நீளம் 20 என்று. மீதமுள்ள ஆறில் மூன்று தலைப்பு, மூன்று எழுத்து. அதைப் பெற்றுக்கொண்ட ஸ்கேனர் 'சரி, மேலே அனுப்பு' என்று சைகை காட்டியதும் அடுத்த இரண்டு ஃபிரேம்கள் ஆளுக்கு ஏழு எழுத்தோடு வருகின்றன. மூன்று, ஏழு, ஏழு. கூட்டினால் பதினேழு.

அந்த முதல் மூன்று எழுத்துகளில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. சேசிஸ் எண்ணின் அமைப்பைச் சொல்லும் ஐஎஸ்ஓ 3779 தரத்தின்படி, முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளரின் அடையாளம். ஹூண்டாய் இந்தியாவுக்கு எம்-ஏ-எல். நிசானுக்கு எம்-டி-எச், ரெனோவுக்கு எம்-இ-இ. அதாவது முதல் துண்டு வந்து சேர்ந்த உடனே வண்டி எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். மற்ற 14 எழுத்துகளுக்குள் மாடல், இன்ஜின், ஆண்டு, வரிசை எண் எல்லாம் குறியீடாக ஒளிந்திருக்கின்றன. ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் இந்த எண்ணில் இடமே கிடையாது. 1, 0 ஆகியவற்றோடு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாதல்லவா.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்ததிலிருந்து இந்தப் பகுதியில் பிறந்த ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஓர் எண் உண்டு. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் வரத் தொடங்கின. 2013-ல் ராயல் என்ஃபீல்டு. அந்த மோட்டார் சைக்கிள்களின் சேசிஸ் எண் எம்-இ-3 என்று தொடங்கும். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய நோக்கியா ஆலையின் ஃபோன்களுக்கும் இதே போல் 15 இலக்க ஐஎம்இஐ எண் இருந்தது. இந்தத் தொழிற்பட்டை பொருளைத் தயாரிக்கும் வேகத்திலேயே பட்டியலையும் தயாரித்துக்கொண்டிருக்கிறது.

பட்டியல் வளர்வதுதான் இங்கே விஷயம். துண்டு துண்டாக வரும் சேசிஸ் எண்ணை ஸ்கேனருக்குள் இருக்கும் நிரல் எப்படிச் சேர்க்கும்? அந்த நிரலை சி++ மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வந்த பைட்களை வரிசையாக வைக்க 'வெக்டர்' என்ற தொகுப்பு இருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரதியெடுக்க 'காப்பி' என்ற அல்காரிதம் இருக்கிறது. காப்பியிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எங்கிருந்து தொடங்க, எதுவரை போக, எங்கே எழுத. இந்த மூன்றையும் சொல்ல உதவுவது இட்டரேட்டர், அதாவது தொகுப்பில் ஓரிடத்தைச் சுட்டி நிற்கும், அடுத்த இடத்துக்கு நகரத் தெரிந்த ஒரு சிறு பொருள். ஃபிரேமின் தொடக்கம், ஃபிரேமின் முடிவு, வெக்டரின் தொடக்கம். ஒரே வரியில் முடிந்தது வேலை என்று தோன்றும்.

முடியவில்லை. கம்பைலர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் அந்த வரியை ஏற்றுக்கொள்ளும். ஓடவிட்டால் பெரும்பாலும் நிரல் அந்த இடத்திலேயே சுருண்டு விழும். காரணம் எளிது: வெக்டர் காலியாக இருக்கிறது. அதன் 'தொடக்கம்' என்று சுட்டும் இடத்தில் எதுவும் இல்லை. காப்பிக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள அதற்கு வழியும் இல்லை. அது செய்வதெல்லாம் சுட்டும் இடத்தில் எழுது, ஒரு படி நகர், மறுபடி எழுது. இடம் ஏற்கெனவே இருக்கிறது என்று நம்பித்தான் அது வேலையைத் தொடங்குகிறது.

அசெம்பிளி லைனில் சீட் பொருத்துபவர் இப்படித்தான் வேலை செய்கிறார். அவர் முன்னால் ஒரு பாடி வந்து நிற்கிறது. சீட்டை உள்ளே வைத்து போல்ட்டை முடுக்குகிறார், அடுத்த பாடி நகர்ந்து வருகிறது. பாடி வருமா வராதா என்று அவர் ஒவ்வொரு முறையும் யோசிப்பதில்லை. யோசிக்கத் தேவையில்லாமல் இருப்பதால்தான் லைன் ஓடுகிறது. ஒருநாள் பாடியே வராத கன்வேயரில் அவர் சீட்டை இறக்கினால் அது தரையில்தான் விழும். காப்பி அப்படித் தரையில் வைத்துவிட்டுப் போகிறது.

உடனே விழுந்து நொறுங்கினால்கூட நல்லது. தவறு எங்கே என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். மோசமான வகை இன்னொன்று உண்டு. முதல் காரின் எண்ணைச் சரியான முறையில் படித்துவிட்டு, அடுத்த காருக்காக வெக்டரைத் துடைத்துக் காலியாக்குகிறார் நிரலாளர். துடைத்தாலும் வெக்டர் தான் பிடித்து வைத்திருந்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிக்கொண்டு இடத்தைக் கையிலேயே வைத்திருக்கும். இப்போது யாரோ காப்பியை வெக்டரின் தொடக்கத்துக்கு ஏவினால் எழுத்துகள் பழைய இடத்தில் போய் அழகாக உட்கார்ந்துவிடும். நிரல் விழாது. ஆனால் வெக்டரைக் கேட்டால் 'என்னிடம் ஒன்றும் இல்லை, எண்ணிக்கை பூஜ்யம்' என்று சொல்லும். சேசிஸ் எண் உள்ளே இருக்கிறது, பட்டியலில் இல்லை. சி++ தரம் இதை வரையறுக்கப்படாத நடத்தை என்கிறது. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றவும் செய்யலாம்.

இதற்குத்தான் இன்செர்ட் இட்டரேட்டர்கள். மூன்று வகை: பின்னால் சேர்க்கும் 'பேக் இன்செர்ட்டர்', முன்னால் சேர்க்கும் 'ஃபிரன்ட் இன்செர்ட்டர்', நடுவில் காட்டிய இடத்தில் சேர்க்கும் வெறும் 'இன்செர்ட்டர்'. காப்பியிடம் 'வெக்டரின் தொடக்கத்தில் எழுது' என்பதற்குப் பதில் 'இந்த வெக்டரின் பேக் இன்செர்ட்டரில் எழுது' என்று மாற்றினால் போதும். மூன்று எழுத்து வந்தால் மூன்று சேரும், அடுத்து ஏழு, அடுத்து ஏழு. வெக்டர் தானே வளரும்.

உள்ளே நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சிரிப்பு வரும். காப்பி ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று காரியம் செய்கிறது. ஒன்று, இட்டரேட்டரிடம் 'நீ சுட்டும் இடத்தைக் கொடு' என்று கேட்கிறது. பேக் இன்செர்ட்டர் எந்த இடத்தையும் கொடுப்பதில்லை, தன்னையே கொடுத்துவிடுகிறது. இரண்டு, காப்பி அந்த 'இடத்தில்' எழுத்தை வைக்கிறது, அதாவது சமக் குறி போட்டு மதிப்பைத் திணிக்கிறது. அந்தச் சமக் குறியின் பொருளை பேக் இன்செர்ட்டர் மாற்றி வைத்திருக்கிறது. மதிப்பை வாங்கி வெக்டரின் 'புஷ் பேக்' செயலிடம், அதாவது கடைசியில் ஒன்றைச் சேர்க்கும் செயலிடம், ஒப்படைக்கிறது. மூன்று, காப்பி 'அடுத்த இடத்துக்கு நகர்' என்கிறது. பேக் இன்செர்ட்டர் நகர்வதே இல்லை, நகர்ந்துவிட்டதாகச் சொல்லித் தன்னையே மறுபடி நீட்டுகிறது. மூன்று கட்டளைகளில் இரண்டுக்கு வெறும் தலையாட்டல், ஒன்றில் மட்டும் உண்மையான வேலை. இந்த நாடகத்தை நடத்தும் வகுப்பைப் பத்திருபது வரியில் எழுதிவிடலாம். அது சுமப்பது ஒன்றே ஒன்றுதான்: எந்தத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்ற சுட்டி.

காப்பியை ஏமாற்றுகிறார்கள் என்றே சொல்லலாம். ஆனால் ஏமாந்தவருக்கு நஷ்டம் இல்லாத ஏமாற்று. இருக்கும் இடத்தில் எழுதுவதா, புதிதாக இடம் உண்டாக்கிச் சேர்ப்பதா என்ற முடிவு காப்பியின் தலையில் விழவில்லை. காப்பியைக் கூப்பிட்டவர்தான் அதை எடுக்கிறார், ஏனென்றால் வெக்டர் காலியா நிறைந்ததா என்று அவருக்குத்தான் தெரியும். இரண்டு விதமான காப்பி எழுத வேண்டியதில்லை. ஒன்று போதும்.

இப்படிப் பிரித்து யோசித்தவர் அலெக்சாண்டர் ஸ்டெபனோவ். 1950-ல் மாஸ்கோவில் பிறந்து 1977-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். இந்த யோசனையின் விதை 1976-ல், பச்சை மீன் தின்று விஷமேறி மருத்துவமனையில் ஜுரத்தோடு கிடந்தபோது விழுந்தது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். எண்களைக் கூட்டும் வேலையைப் பலர் பிரித்துச் செய்ய முடிவதற்குக் காரணம், எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை மாறாத அந்தப் பண்பு. அவை எண்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஜுரத்தில் வந்த இந்த எண்ணம், அல்காரிதத்துக்கு என்ன தேவையோ அதை மட்டும் கேள், மற்றதைக் கேட்காதே என்ற வழிமுறையாக வளர்ந்தது. டேவிட் மஸ்ஸரோடு சேர்ந்து ஏடா மொழியில் முயன்றார். பிறகு எச்.பி. ஆய்வுக்கூடத்தில் மெங் லீயோடு சேர்ந்து சி++ மொழிக்கான எஸ்டிஎல் நூலகத்தைக் கட்டினார். பெல் லேப்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ கோனிக் அழைத்ததன் பேரில் 1993 நவம்பரில் தரநிர்ணயக் குழுவின் முன் அதை விளக்கினார். தரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, புதிதாக எதையும் நுழைக்க வேண்டாம் என்ற மனநிலையில் இருந்த குழு அது. ஆனாலும் 1994 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. 1998-ல் வெளியான முதல் சி++ தரத்தில் அந்த நூலகம் இடம்பெற்றது. இன்செர்ட் இட்டரேட்டர்கள் மூன்றும் அதில் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் முதல் சான்ட்ரோ வெளிவந்த அதே ஆண்டு என்பது தற்செயல்தான்.

காப்பியின் பலம் இதோடு நிற்கவில்லை. திரையில் எழுதும் இட்டரேட்டர் ஒன்றும் அதே நூலகத்தில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் அதே காப்பி சேசிஸ் எண்ணைத் திரையில் அச்சிட்டுவிடும். எழுதப்படும் இடம் நினைவகமா, பட்டியலின் வாலா, திரையா என்று காப்பி கேட்பதே கிடையாது.

இலவசமாக எதுவும் வருவதில்லை, பேக் இன்செர்ட்டருக்கும் ஒரு விலை உண்டு. வெக்டர் தன் உறுப்புகளை நினைவகத்தில் தொடர்ச்சியாக, இடைவெளி விடாமல் வைத்திருக்கும். பிடித்த இடம் நிறைந்துவிட்டால் பெரிய இடம் ஒன்றைத் தேடி எல்லோரையும் மூட்டை முடிச்சோடு அங்கே குடியேற்றும். ஜிசிசி கம்பைலரின் நூலகம் ஒவ்வொரு முறையும் இடத்தை இரட்டிப்பாக்குகிறது, மைக்ரோசாஃப்டின் நூலகம் ஒன்றரை மடங்காக்குகிறது. இரட்டிப்பு முறையில் 20 பைட் செய்திக்கு இடம் 1, 2, 4, 8, 16, 32 என்று வளரும். வழியில் நடக்கும் குடிபெயர்ப்புகளைக் கூட்டினால் 1+2+4+8+16, ஆக 31 நகர்த்தல். ஆயிரம் உறுப்பு சேர்த்தால் மொத்தம் 1,023 நகர்த்தல். உறுப்புக்கு ஏறக்குறைய ஒன்று. இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மலிவுதான்.

ஆனால் சேசிஸ் எண் விஷயத்தில் அந்த 31-கூட வீண். முதல் ஃபிரேமே 'மொத்தம் 20' என்று சொல்லிவிட்டதே! வெக்டரிடம் 'ரிசர்வ்' கட்டளையால் 20-க்கு இடம் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு பேக் இன்செர்ட்டரோடு காப்பியை ஏவினால் ஒரு குடிபெயர்ப்பும் நடக்காது. இங்கே பலரும் வழுக்கி விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. இடம் பிடித்தாயிற்றே, இனி பேக் இன்செர்ட்டர் எதற்கு, நேரடியாக வெக்டரின் தொடக்கத்திலேயே எழுதலாமே என்று தோன்றும். ரிசர்வ் இடத்தைப் பிடிக்குமே தவிர உறுப்பை உருவாக்காது. எண்ணிக்கை பூஜ்யமாகவே நிற்கும். மேலே பார்த்த அதே கோளாறுதான், வேறு வாசல் வழியாக. நேரடியாக எழுத வேண்டுமென்றால் 'ரீசைஸ்' செய்து உறுப்புகளை முன்கூட்டியே உருவாக்க வேண்டும். ரிசர்வ் செய்தால் பேக் இன்செர்ட்டர், ரீசைஸ் செய்தால் தொடக்கம். இந்த இரண்டு ஜோடியையும் மாற்றிக் கட்டக் கூடாது. ஸ்காட் மேயர்ஸ் 2001-ல் எழுதிய 'எஃபெக்டிவ் எஸ்டிஎல்' நூலின் முப்பதாவது அறிவுரையே எழுதும் இடம் போதுமான அளவு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள் என்பதுதான். அத்தனை பேர் அதில் விழுந்திருக்கிறார்கள்.

ஃபிரன்ட் இன்செர்ட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் முன்னால் செருகுவதால் வரிசை தலைகீழாகும். எம்-ஏ-எல் என்று வந்தது எல்-ஏ-எம் என்று உட்காரும். கடைசியாக ஸ்கேன் செய்த வண்டி பட்டியலின் உச்சியில் தெரிய வேண்டும் என்றால் அதுவே வசதி, சேசிஸ் எண்ணைச் சேர்க்க என்றால் நாசம். வெக்டரோடு இதைப் பயன்படுத்தவும் முடியாது. முன்னால் சேர்க்கும் 'புஷ் ஃபிரன்ட்' செயல் வெக்டருக்கு இல்லை, 'லிஸ்ட்', 'டெக்' என்ற வேறு தொகுப்புகளுக்கு உண்டு. முயன்றால் கம்பைலரே தடுத்து நிறுத்திவிடும். காப்பிக்கு முன்னால் மௌனம் சாதித்த கம்பைலர் இங்கே வாயைத் திறக்கிறது என்பதில் ஒரு ஆறுதல்.

மூன்றாவது வகைதான் அதிகம் யோசிக்க வைப்பது. அதைப் பார்க்க ஒரு காரை விட்டு யார்டுக்குப் போக வேண்டும். இந்தப் பகுதியின் கார்கள் வாலாஜாபாத்தில் சரக்கு ரயில் ஏறுகின்றன, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பல் ஏறுகின்றன. ஏற்றும் இடத்தில் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் கையடக்க ஸ்கேனரால் வருடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரே வண்டியை இரண்டு பேர் வருடிவிடுவது சகஜம். வெக்டரில் பேக் இன்செர்ட்டரால் சேர்த்தால் இரண்டும் ஏறிவிடும், கப்பலில் 600 கார் இருக்க, பட்டியலில் 607 என்று நிற்கும். 'செட்' என்ற தொகுப்பு ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காது, எப்போதும் வரிசைப்படுத்தியே வைத்திருக்கும். ஆனால் அதற்கு வால் கிடையாது, தலையும் கிடையாது. எந்த எண் எங்கே உட்கார வேண்டும் என்று அதுவேதான் தீர்மானிக்கும். ஆகவே பேக் இன்செர்ட்டர் அதனிடம் செல்லாது. இன்செர்ட்டர் செல்லும்.

இன்செர்ட்டர் இரண்டைச் சுமக்கிறது: தொகுப்பின் சுட்டி ஒன்று, அதற்குள் ஓரிடம் ஒன்று. ஒவ்வொரு மதிப்பையும் அந்த இடத்தில் செருகிவிட்டு, செருகியதைத் தாண்டி ஒரு படி முன்னே நகர்ந்துகொள்கிறது. அந்த ஒரு படிதான் வரிசையைக் காப்பாற்றுகிறது. நகராமல் அதே இடத்தில் நின்றிருந்தால் ஃபிரன்ட் இன்செர்ட்டர் போல எல்லாம் தலைகீழாகியிருக்கும். செருகும்போது வெக்டர் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தாலும் இது தொலைந்துபோவதில்லை, ஒவ்வொரு முறையும் வெக்டர் திருப்பித் தரும் புது இடத்தைக் குறித்துக்கொள்கிறது. செட்டைப் பொறுத்தவரை இன்செர்ட்டர் காட்டும் இடம் ஒரு யோசனை மட்டுமே. சரியாக இருந்தால் செட் தேடும் நேரம் மிச்சம், தவறாக இருந்தால் செட் அதைப் புறக்கணித்துவிட்டு முறைப்படி தேடும். செட் காலியாகத் தொடங்கி, வருகிற எண்கள் ஏற்கெனவே ஏறுவரிசையில் இருந்தால் அந்த யோசனை ஒவ்வொரு முறையும் சரியாக அமைந்துவிடும்.

இனி உண்மையான கேள்வி: ஏற்ற வேண்டிய கார்களில் எவை விட்டுப்போயின? திட்டப் பட்டியல் ஒரு செட், ஏற்றிய பட்டியல் இன்னொரு செட். 'செட் டிஃபரன்ஸ்' அல்காரிதம் முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவற்றைப் பொறுக்கி எடுக்கும். எத்தனை வரும்? பூஜ்யமாக இருக்கலாம், நாற்பதாக இருக்கலாம், ரயிலே வராமல் போயிருந்தால் அத்தனையும் விட்டுப்போயிருக்கலாம். விடை தெரிவதற்கு முன்னால் விடைக்கு இடம் ஒதுக்குவது எப்படி? அதிகபட்சத்துக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வெட்டலாம்; செய்பவர்கள் உண்டு, கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். ஒரு காலி வெக்டரின் பேக் இன்செர்ட்டரைக் கொடுத்தால், விட்டுப்போன வண்டிகள் எத்தனையோ அத்தனை இடம் மட்டும் உருவாகும். எம்-ஏ-எல் என்று தொடங்கும் எண்களை மட்டும் பிரித்தெடுக்கும் 'காப்பி இஃப்' வேலைக்கும் இதே கதைதான். இன்செர்ட் இட்டரேட்டர் வெறும் வசதியாக இல்லாமல் ஏறக்குறைய கட்டாயமாகவே ஆகும் இடம் இது: விடையின் நீளமே விடையின் ஒரு பகுதியாக இருக்கும்போது.

இந்த உற்சாகத்தில் எல்லா இடத்திலும் இன்செர்ட்டரைச் சொருகுவது ஆகாது. ஆயிரம் வண்டிகள் உள்ள வெக்டரின் தொடக்கத்தில் இன்னும் நூறைச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். இன்செர்ட்டர் ஒவ்வொன்றாகச் செருகும். ஒவ்வொரு செருகலுக்கும் பின்னால் இருக்கும் ஆயிரம் பேரும் ஒரு படி தள்ளி உட்கார வேண்டும். நூறு முறை, ஆக 1,00,000 நகர்த்தல். வெக்டரின் சொந்த 'இன்செர்ட்' செயலிடம் நூறையும் மொத்தமாகக் கொடுத்தால் அது முதலில் எண்ணிப் பார்க்கும், ஆயிரம் பேரை ஒரே முறை நூறு படி தள்ளும், இடைவெளியில் புதியவர்களை வைக்கும். 1,000 நகர்த்தல். மேயர்ஸின் ஐந்தாவது அறிவுரை இதைத்தான் சொல்கிறது. இன்னோர் ஆபத்து, வெக்டரைத் தன்னோடேயே சேர்ப்பது. ஒரு வெக்டரின் உறுப்புகளைப் படித்து அதே வெக்டரின் வாலில் பேக் இன்செர்ட்டரால் சேர்த்தால், நடுவில் வெக்டர் குடிபெயரும்போது படித்துக்கொண்டிருந்த இட்டரேட்டர் காலி செய்த பழைய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

இதுவரை பார்த்தது ஸ்கேனரின் பக்கம், யார்டின் பக்கம். காருக்குள்ளேயே இருக்கும் கம்ப்யூட்டர்களில் நிலைமை வேறு. பிரேக்கையும் ஏர்பேக்கையும் கவனிக்கும் சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் நிரல் பெரும்பாலும் சி மொழியில் இருக்கிறது, சி++ நுழைந்த இடங்களிலும் கடுமையான விதிகளோடுதான் நுழைந்தது. வாகன நிரல்களுக்கு விதி வகுக்கும் மிஸ்ரா அமைப்பு 2008-ல் வெளியிட்ட சி++ வழிகாட்டியின் ஒரு விதி, ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்குவதையே தடை செய்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வெக்டர் எப்போது நிறையும், எப்போது குடிபெயரும், அதற்கு எத்தனை மைக்ரோ விநாடி பிடிக்கும், இடம் கிடைக்குமா என்றெல்லாம் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிரேக் மிதிக்கும் நேரத்தில் குடிபெயர்ப்பு நடக்கக் கூடாது. 2017-ல் வாகன நிறுவனங்களின் ஆட்டோசார் கூட்டமைப்பு சி++14-க்கு எழுதிய வழிகாட்டி சற்று இளகியது: வண்டி கிளம்பும் கட்டத்தில் நினைவகம் வாங்கிக்கொள்ளலாம், நேரக் கட்டுப்பாடு உள்ள கட்டத்தில் கூடாது என்றது.

அப்படியானால் பேக் இன்செர்ட்டருக்கு அங்கே வேலையே இல்லையா? இருக்கிறது, ஸ்டெபனோவின் கஞ்சத்தனத்தின் புண்ணியத்தில். பேக் இன்செர்ட்டர் தொகுப்பிடம் கேட்பது மிகக் குறைவு: உன் உறுப்பின் வகை என்ன, 'புஷ் பேக்' உனக்குத் தெரியுமா. நினைவகத்தை எங்கிருந்து கொண்டுவருகிறாய் என்று கேட்பதில்லை. அதனால் 20 பைட்டுக்கு மேல் வளரவே முடியாத, இடத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் தொகுப்பை யார் வேண்டுமானாலும் எழுதி, அதன்மீது அதே பேக் இன்செர்ட்டரை ஏவலாம். வாகனத் துறையிலும் விளையாட்டு நிரல் துறையிலும் பலர் இப்படிச் சொந்தமாக எழுதி வைத்திருந்தார்கள். சி++26 தரத்தில் 'இன்பிளேஸ் வெக்டர்' என்ற பெயரில் அது அதிகாரபூர்வமாகவே சேர்க்கப்பட்டுள்ளது.

சிக்கல் இருபத்தோராவது பைட் வரும்போது தொடங்குகிறது. கோளாறான ஒரு பெட்டி 20 என்று சொல்லிவிட்டு 27 அனுப்பலாம். இன்பிளேஸ் வெக்டரின் புஷ் பேக், இடமில்லை என்றால் 'எக்ஸெப்ஷன்' என்ற பிழை அறிவிப்பை வீசும். வாகன நிரல்களில் பல, எக்ஸெப்ஷன் வசதியையே அணைத்துவிட்டு ஓடுபவை. காப்பியிடம் திரும்பிப் போய் 'நிறைந்துவிட்டது, நிறுத்து' என்று சொல்ல பேக் இன்செர்ட்டருக்கு வேறு வழி எதுவும் கொடுக்கப்படவில்லை, ஏனென்றால் காப்பி எழுதும் பக்கத்தை ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனவே அங்கே ஒவ்வொரு ஃபிரேமையும் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது: அறிவித்த நீளத்தில் இன்னும் எத்தனை பைட் பாக்கி, தொகுப்பில் எத்தனை இடம் பாக்கி, இரண்டில் எது குறைவோ அதை மட்டும் 'காப்பி என்' மூலம் எடு. இதே கணக்கு இன்னொரு வேலையையும் பார்த்துவிடுகிறது. முதல் ஃபிரேமின் ஆறு போக மீதி நீளம் ஏழின் கணக்கில் அடங்காத செய்திகளில் கடைசி ஃபிரேமின் மிச்ச இடத்தைச் சும்மா எதையாவது போட்டு நிரப்பி அனுப்புவார்கள், அந்தக் குப்பையும் பட்டியலில் ஏறாமல் வெளியிலேயே நின்றுவிடும்.